அணைச்ச செட்டு பேசிச்சு

அணைச்ச செட்டு பேசுமான்னு கேட்டா, பேசும். நான் கண்ணால பார்த்திருக்கேன், காதால கேட்டிருக்கேன். ஆனா இதைச் சொல்லப் போன எடத்துல எல்லாம் என்னை ஒரு மாதிரியாத்தான் பார்த்தாங்க. பைத்தியம்னு நெனச்சவங்க பாதிப் பேரு, பொய்க்காரின்னு நெனச்சவங்க பாதிப் பேரு. இது தொண்ணூறுகளோட நடுவுல நடந்தது. எங்க அண்ணன் அந்தச் செட்டுனாலதான் உள்ள போனாரு. அவரை வெளிய எடுக்க என் கையில இருந்தது ஒரே ஒரு உண்மை. அவரு செட்ட அணைச்சுத்தான் வச்சிருந்தாரு, அதைப் பேச வச்சது கரண்டு. அதை நிரூபிச்சா அண்ணன் வீட்டுக்கு வந்திருவாரு. கேக்குறதுக்கு எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க.

நாங்க இலங்கையில இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க. கீழ் டிவிசன் ரப்பர், மேல் டிவிசன் தேயிலை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் எனக்கு எல்லாமே அண்ணன்தான். நான் டவுன்ல ரேடியோ டீவி திருத்துற கோர்ஸ் படிக்கணும்னு சொன்னப்போ எங்க வரிசை வீட்டு லயமே சிரிச்சுச்சு. "பொம்பளப் புள்ள ஈயம் ஊத்தப் போகுதாம்டி"ன்னு தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில நின்னு கேலி பண்ணாங்க. அண்ணன் யாரு பேச்சையும் காதுல வாங்கல. "போ புள்ள, இவங்க வீட்டு டீவி கெட்டுப்போனா உன்கிட்டதான் தூக்கிட்டு வரணும், அன்னைக்குப் பார்த்துக்க"ன்னாரு. அதுக்கப்புறம் என்னை எப்ப பார்த்தாலும் "என்ன இஞ்சினியரம்மா"ன்னுதான் கூப்பிடுவாரு. டவுன்ல ஒரு சிங்கள மொதலாளியோட கடையில எனக்கு வேலை கெடச்சுச்சு. நல்ல மனுசன். பொம்பளையாச்சே, தமிழாச்சேன்னு ஒரு நாளும் பேதம் பார்த்ததில்ல. "நங்கி"ன்னு, தங்கச்சின்னு, வாய் நெறையக் கூப்பிடுவாரு.

அண்ணன் மேல் டிவிசன் ஒபிஸுக்குக் காவலாளி. ஒபிஸுன்னா பெரிய மாளிகையெல்லாம் இல்ல. ஒரு அறை, ஒரு மேசை, ரெண்டு கதிரை. பின்னாலயே ஒட்டுனாப்புல அண்ணன் குடும்பம் இருந்த காம்பரா. அந்த மேசையிலதான், பட்டனை அமுக்கிப் பேசுற அந்த ரேடியோ செட்டு இருந்துச்சு. மேல யாருக்காவது முடியலைன்னா கீழ இருந்த பெக்டரி ஸ்டோருக்குச் சொல்லி லொறி வரவைக்கிறதுக்காகத் தோட்டத்துல வச்சுக் கொடுத்தது. அந்தப் பாதையில ஆளைத் தூக்கிக்கிட்டு எறங்குறதுன்னா போற வழியிலயே உசுரு போயிரும். அதனால அந்தச் செட்ட எல்லாரும் சாமி மாதிரிப் பார்த்தாங்க. யுத்தக் காலம் பாருங்க, கண்டிசனும் இருந்துச்சு. காலையில வேலைக்குப் பேரு எடுக்குற பெரட்டுல இருந்து பொழுது சாயிற வரைக்குந்தான் செட்டு பேசலாம். அதுக்கப்புறம் அணைச்சே ஆகணும். அண்ணன் அந்த விசயத்துல ரொம்பச் சுத்தம். சுவிட்ச அணைச்சு, லைட்டு போயிருச்சான்னு குனிஞ்சு பார்த்து, மேல ஒரு துணியப் போட்டு மூடிருவாரு.

செட்டோட சேர்த்து ஒரு மணிப்பெட்டியும் இருந்துச்சு. கொழும்புல இருந்து வந்த ஆளு ஒருத்தரு பொருத்திட்டுப் போனது. ஸ்டோர்ல இருந்து கூப்பிட்டா வெளிய மணி அடிக்கும், அண்ணன் தண்ணி எடுக்கப் போயிருந்தாலும் கேக்கும். நல்ல யோசனைதான், நான் குத்தம் சொல்லல. ஆனா செஞ்ச விதம் இருக்கே, அதை நெனச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அதைக் கொஞ்சம் சொல்லிர்றேன், இல்லைன்னா மத்தது வெளங்காது. செட்டுக்கு வர்ற பெட்டரி பன்னெண்டு வோல்ட். ஆனா செட்டுக்குள்ள இருக்கிற மூளைக்கு அஞ்சு வோல்ட்டுக்கு மேல தாங்காது. அதனால உள்ளேயே கொறைச்சுக் கொடுப்பாங்க. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு வீடு, ரெண்டு அடுப்புன்னு வச்சுக்கங்க. மணிப்பெட்டி நேரா பெட்டரியில இருந்து பன்னெண்டுலயே ஓடுனது, அதுக்குன்னு தனி சுவிட்ச் யாரும் வைக்கல. அதுல இருந்து ஒரு ஒத்தை வயரு செட்டோட மூளைக்குப் போகுது. செட்டு ஓடுறப்ப ஒரு தொந்தரவும் இல்ல. செட்ட அணைச்சா மூளைப் பக்கம் காலியாயிருது, மணிப்பெட்டிப் பக்கம் பன்னெண்டு அப்படியே நிக்குது. கரண்டு சும்மா இருக்குமா? அந்த ஒத்தை வயரு வழியா, வரக்கூடாத பக்கமா உள்ள பூந்து, அணைஞ்ச மூளையை அரைகுறையா எழுப்பி விட்டுரும். எங்க கடையில இது தெனம் பாக்குற வியாதி. வான் வண்டிக்குள்ள பூட்டுற பாட்டுக் கெசட் செட்டுல, அணைச்ச பிறகும் செவப்பு லைட்டு மங்கலா எரியும். மொதலாளி அதுக்கு வச்ச பேரு "ஹொர கரண்ட்". கள்ளக் கரண்டு. கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடுற டயோட ஒன்னு நடுவுல வச்சா போதும், தீர்ந்துச்சு. கடுகத்தனைச் சாமான்.

கெசட் செட்டுன்னா லைட்டு எரியுறதோட போயிருச்சு. இது பேசுற செட்டு. காத்துல அனுப்புற கடைசிப் பகுதி எப்பவும் நேரா பெட்டரியிலயே இருக்கும், சுவிட்ச் அணைக்கிறது மூளையை மட்டுந்தான். அரைத் தூக்கத்துல எழும்புன மூளைக்கு, யாரோ பேசுற பட்டனை அமுக்கிட்டாங்கன்னு தோணிருச்சுன்னா போச்சு. மைக் தொறந்துரும். அறையில நடக்கிறதெல்லாம் மலை உச்சியில இருந்து ஊரு பூரா போகும். லைட்டும் எரியாது, சத்தமும் வராது. துணியப் போட்டு மூடிட்டு அண்ணன் நிம்மதியா இருப்பாரு.

பெட்டரி கொஞ்சம் எறங்கி இருந்திருந்தா அந்தக் கரண்டுக்கு இவ்வளவு தெம்பு வந்திருக்காது. ஆனா எங்க லயத்து ஆளுங்க மனசு எப்படின்னா, செட்டுப் பெட்டரி எறங்க விடமாட்டாங்க. அப்ப லயத்துல கரண்டு கெடையாது. டீவி எல்லாம் கார் பெட்டரியிலதான் ஓடும். பெட்டரிகளை லொறியில ஏத்தி ஸ்டோருக்கு அனுப்பி சார்ஜ் பண்ணி வாங்குவாங்க. மணிப்பெட்டி ராத்திரி பகலா உறிஞ்சுனதுல செட்டுப் பெட்டரி நிக்கவே இல்ல. "நம்ம செட்டு செத்துப் போனா நம்ம ஆளு சாகணும்"னு சொல்லி, புதுசா சார்ஜ் ஆகி வர்ற பெட்டரிய மொதல்ல ஒபிஸுக்குக் கொடுத்துட்டு, அங்க எறங்குனதை வாங்கிட்டுப் போய்தான் படம் பார்ப்பாங்க. மொறை வச்சுக் கொடுத்தாங்க. படம் பாதியில நின்னு போனாலும் முணுமுணுக்க மாட்டாங்க. அந்த நல்ல மனசுதான் அண்ணனுக்கு எமனா வந்துச்சு. யாரைப் போய்த் திட்டுறது?

பொழுது சாஞ்சா அண்ணன் மகளைக் கூட்டிக்கிட்டு அந்த மேசையில வந்து உக்காருவாரு. மேசைன்னு ஒன்னு இருந்தது அங்க மட்டுந்தான். பாப்பாவுக்குக் கணக்கு வராது. எங்க குடும்பத்துக்கே வராது, அது வேற விசயம். அண்ணன் வாய்ப்பாடு கேப்பாரு, அவ சொல்லணும். தப்பாச் சொன்னா மறுபடி மொதல்ல இருந்து. அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. அவரோட பொறுமைக்குக் கோயிலே கட்டலாம்.

ஒரு நாள் விடியக் காலையில ஆமி ஜீப் வந்துச்சு. எனக்குச் சேதி வந்தப்போ நான் கடையில இருந்தேன். அண்ணி லயத்துக்காரர் ஒருத்தர்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தாங்க. "அண்ணனையும் செட்டையும் கொண்டு போயிட்டாங்க"ன்னு அவரு சொன்னாரு. கையில இருந்த சோல்டர் கம்பியை எங்க வச்சேன்னு தெரியல, மேசை பொசுங்குன வாசம் வந்த பிறகுதான் மொதலாளி ஓடி வந்து எடுத்தாரு.

பொழுது சாஞ்ச பிறகு தமிழ்ல எலக்கங்கள் போகுது, அது ரகசியச் சேதின்னு குற்றச்சாட்டு. மொதலாளிக்குத் தெரிஞ்ச ஒரு அதிகாரி அண்ணனை வச்சிருந்த முகாமுல இருந்தாரு. அவரு வீட்டு டீவிய நாங்கதான் திருத்துவோம். அந்தப் பழக்கத்துல மொதலாளி என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அதிகாரி ஒரு கெசட்ட எடுத்துப் போட்டாரு. இரைச்சலுக்கு நடுவுல எங்க அண்ணன் கொரலு.

"ஏழெட்டு?"

"அம்பத்திநாலு."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஏழெட்டு?"

"அம்பத்தெட்டு."

பின்னால அண்ணி தேங்கா துருவுற சத்தம் கூடக் கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அந்த எடத்துல போய்ச் சிரிப்பு. "சேர், இது வாய்ப்பாடு சேர். புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாரு"ன்னு சிங்களத்துலயே சொன்னேன். அவரு ஒரு காகிதத் துண்டக் காட்டுனாரு. எல்லாத்தையும் மொழிபெயர்த்து வச்சிருந்தாங்க. "வாய்ப்பாடுன்னா விடை ஒன்னாத்தானே இருக்கணும்? ஒரு நாள் அம்பத்திநாலு, இன்னொரு நாள் அம்பத்தெட்டு, அப்புறம் அறுவத்தி மூணு. ஒரே கேள்விக்கு ஏன் வேற வேற பதில் வருது?"ன்னு கேட்டாரு. கோவமாக் கூடக் கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரித்தான் இருந்துச்சு. அவளுக்குக் கணக்கு வராது சேர்னு சொன்னேன். சொல்றப்பவே எனக்கு வெளங்கிருச்சு, இது எடுபடாதுன்னு.

அப்பத்தான் கள்ளக் கரண்டு விசயத்தைச் சொன்னேன். மொதலாளியும் ஒத்து ஊதுனாரு, அவருக்கும் அது நல்லாத் தெரியும். அதிகாரி பொறுமையாக் கேட்டுட்டு, செட்ட எடுத்துட்டு வரச் சொன்னாரு. மேசையில வச்சு, அவங்க பெட்டரியக் குடுத்து, சுவிட்சப் போட்டாங்க. ஓடுச்சு. அணைச்சாங்க. செத்துப் போன மாதிரிக் கெடந்துச்சு. இன்னொரு மூலையில வச்சிருந்த அவங்க ரிசீவர்ல வெறும் இரைச்சல்தான். "ஓஃப்னா ஓஃப் தானே நங்கி?"ன்னாரு.

"சேர், மணிப்பெட்டி இல்லாம வராது. ரெண்டையும் சேர்த்தாத்தான் வரும்"னேன். செட்டத் தனியா பார்த்தா அதுல குத்தம் இல்ல. பெட்டியத் தனியா பார்த்தா அதுலயும் இல்ல. குத்தம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. பிடிச்சுட்டு வந்தவங்க செட்ட மட்டும் தூக்கிட்டு வந்துட்டாங்க, பெட்டிய அங்கேயே விட்டுட்டாங்க. "சரி, பெட்டியக் கொண்டு வா, பாப்போம்"னு அதிகாரி சொன்னாரு. அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. பஸ்ஸுல ஏறி உக்காந்தவ, எறங்குற வரைக்கும் மனசுக்குள்ள அண்ணனை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துக்கிட்டே இருந்தேன்.

மேல ஏறிப் போனேன். அண்ணி வாசல்ல உக்காந்திருந்தாங்க. "அண்ணி, அந்த மணிப்பெட்டி எங்க?"

"அதெல்லாம் இல்ல புள்ள. பயப்படாத. எல்லாத்தையும் போட்டுட்டோம்."

"எங்க போட்டீங்க?"

"பழைய குழியில."

எங்க பக்கத்து லயங்கள்ல அப்ப ஒரு பழக்கம். சோதனைக்கு வர்றாங்கன்னு ஒரு பேச்சு அடிபட்டா போதும், ஆளாளுக்கு வீட்டச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சிருவாங்க. ஊர்ல இருந்து வந்த கடுதாசி, பாட்டுக் கெசட், யாழ்ப்பாணத்து மாஸ்டரோட சேர்ந்து எடுத்த போட்டோ, எது எதுக்கு ஆகும்னே தெரியாம எல்லாத்தையும் பொதைப்பாங்க, எரிப்பாங்க, தண்ணியில போடுவாங்க. ஜீப் போன கையோட லயமே ஒபிஸுக்கு ஓடி வந்திருக்கு. அண்ணன் மேல இன்னும் ஏதும் சொல்லிரக் கூடாதேன்னு, வயருன்னு கண்ணுல பட்டதெல்லாம் அறுத்து எடுத்திருக்காங்க. மணிப்பெட்டி, ஏரியல் வயரு, அண்ணியோட கல்யாண கெசட், பாப்பாவோட டோர்ச் லைட்டு கூட. எல்லாத்தையும் சாக்குல கட்டி, கல்லைக் கட்டி, ஆத்தங்கரையில மாணிக்கக்கல் தோண்டிட்டுக் கைவிட்ட குழியில எறக்கிட்டாங்க. அண்ணன் மேல உசுரா இருந்த சனம், அவரைக் காப்பாத்தக் கூடிய ஒரே சாமானைக் கல்லைக் கட்டித் தண்ணியில போட்டிருக்கு.

நான் கத்துன கத்தல் அந்த மலைக்கே கேட்டிருக்கும். "அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? நாசமாப் போச்சே, எல்லாம் நாசமாப் போச்சே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அண்ணி மொகத்தைப் பார்த்த பிறகு எனக்கே என் மேல ஆத்திரமா வந்துச்சு. அவங்களுக்கு என்ன தெரியும்? புருசனைக் காப்பாத்துறோம்னு நெனச்சுத்தானே செஞ்சாங்க.

ஆம்பளைங்க கொக்கி கட்டிக் குழியில போட்டு இழுத்துப் பார்த்தாங்க. மழைக் காலம். குழி வாய் வரைக்கும் செம்மண் தண்ணி. பக்கத்துல மண்ணு சரிஞ்சு விழ ஆரம்பிச்சதும் நானே வேண்டாம்னு சொல்லிட்டேன். இன்னொரு உசுரையும் அதுக்குள்ள விடணுமா?

கீழ ஸ்டோர்ல அதே மாதிரி பெட்டி ஒன்னு இருந்துச்சு. பெரிய கிளாக்கரைப் போய்க் கெஞ்சுனேன். "தோட்டத்தை இதுல இழுக்காதம்மா, பெட்டி இங்கயேதான் இருக்கும்"னு ஒரே பிடியா நின்னாரு. அவரும் தமிழ்தான், அவருக்கும் பயந்தான். கடைசியில, அவரு பக்கத்துலயே நிக்க, மூடியத் தொறந்து பாக்க மட்டும் விட்டாரு. நான் எல்லாத்தையும் மனசுல பதிய வச்சுக்கிட்டுக் கடைக்கு ஓடி வந்து, அச்சு அசலா அதே மாதிரி ஒரு பெட்டி செஞ்சேன். டயோட் இல்லாமத்தான் செஞ்சேன். வேணும்னே தப்பா ஒரு சாமானைச் செஞ்சது வாழ்க்கையில அது ஒன்னுதான். கடையில ஒரு பழைய செட்ட வச்சுப் பூட்டிப் பார்த்தோம். அணைச்ச செட்டு பேசிச்சு. மொதலாளி என் தோள்ல தட்டி, "போவோம் நங்கி, ஒங்க அண்ணன் வந்த மாதிரித்தான்"னாரு.

அன்னைக்கு அண்ணனையும் கூட்டிட்டு வந்து சுவரோரமா உக்கார வச்சிருந்தாங்க. எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் பார்க்குறேன். மெலிஞ்சு, ஒரு பக்கக் கண்ணு வீங்கி இருந்தாரு. என்னைப் பார்த்ததும் சிரிச்சாரு. "என்ன இஞ்சினியரம்மா"ன்னு வாய் மட்டும் அசைஞ்சுச்சு. நான் அழல. அழுதா கை நடுங்கும், கை நடுங்குனா வயரு பூட்ட முடியாது.

செட்டு, பெட்டி, நல்லா சார்ஜ் ஏறுன பெட்டரி. பழைய பெட்டி தண்ணிக்குள்ள போன கதையைச் சொல்லிக்கிட்டே எல்லாத்தையும் பூட்டுனேன். சுவிட்ச அதிகாரியவே போடச் சொன்னேன், அவரையே அணைக்கவும் சொன்னேன். அணைச்சாரு. லைட்டு போச்சு. மூலையில இருந்த ரிசீவர்ல இரைச்சல் டக்குன்னு நின்னுச்சு. இந்தத் தொழில் தெரிஞ்சவங்களுக்கு அந்த அமைதி என்னன்னு தெரியும். எங்கேயோ ஒரு செட்டு அனுப்புதுன்னு அர்த்தம். அப்ப சுவரோரம் உக்காந்திருந்த அண்ணன் இருமுனாரு. அந்த இருமல் மூலையில இருந்த ரிசீவர்ல இருந்து வந்துச்சு.

நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். நெசமா அப்படித்தான் நெனச்சேன். மொதலாளி கூட "பாத்தீங்களா சேர்"னு எழுந்து நின்னுட்டாரு. அதிகாரி அந்தப் பெட்டியக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"இதை யாரு செஞ்சது?"

"நான்தான் சேர்."

"அப்ப அணைஞ்ச மாதிரி காட்டிக்கிட்டே பேசுற செட்டு செய்ய உனக்குத் தெரியும்."

எனக்கு மொதல்ல வெளங்கல. "அதைத்தானே சேர் காட்டுனேன்"னு கூடச் சொல்லிட்டேன். அறிவுகெட்ட முண்டம் மாதிரி. அவரு மெதுவா அடுத்த கேள்விய எடுத்தாரு. அண்ணன் வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்ப? இந்த வேலையை யாரு கத்துக் கொடுத்தது? மேல இருந்த பழைய பெட்டியத் தண்ணியில போடச் சொன்னது யாரு? ஒவ்வொரு கேள்வியா வர வர மொதலாளி மொகம் வெளிறிப் போச்சு. ஒருத்தன் பேப்பரை எடுத்து என் பேரை எழுத ஆரம்பிச்சுட்டான். அண்ணனைக் காப்பாத்த நான் கொண்டு போன உண்மை, அந்த அறையில, என் கண்ணு முன்னாலயே எனக்கு வெலங்கா மாறிருச்சு.

அப்பத்தான் அண்ணன் எழுந்தாரு. "மம தமய் சேர்"னு சிங்களத்துல ஆரம்பிச்சாரு. நான்தான் சேர், நான்தான் பேசினேன். செட்டு அணைஞ்சு இல்ல, நான் அணைக்கவே இல்ல. இதுக்கு முன்னால சொன்னதெல்லாம் பொய். இவளுக்கு ஒன்னும் தெரியாது, அண்ணன் பாசத்துல என்னமோ பொம்மை செஞ்சு கொண்டு வந்திருக்கா. இவளை விட்டுருங்க.

"அண்ணே! பொய் சொல்லாதீங்க அண்ணே! சேர், அவரு பொய் சொல்றாரு!"ன்னு நான் கத்துறேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்ல. அத்தனை நாளு அடி வாங்கியும் ஒத்துக்காத மனுசன், என் பேரை எழுதுறதைப் பார்த்ததும் ஒத்துக்கிட்டாரு. அந்தப் பேப்பரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துல அவரு சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்குனாங்க. என்னைப் போகச் சொல்லிட்டாங்க. அவ்வளவு தொழில் கத்து, அவ்வளவு பாடுபட்டு, எங்க அண்ணனைக் கம்பிக்குள்ள தள்ளிட்டு நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

வழக்கு நடந்துச்சு. அவரு வாக்குமூலம் இருக்கிறப்ப வேற என்ன வேணும்? வருசக் கணக்குல தண்டனை போட்டாங்க. வக்கீலு கூட "இனிமே அந்தப் பெட்டி விசயத்தை எடுக்காதீங்க, உங்களையும் தூக்குவாங்க"ன்னு சொல்லிட்டாரு.

பாப்பாவை அதே வருசம் சிங்களப் பள்ளிக்கூடத்துல சேர்த்தோம். அண்ணிதான் பிடிவாதமா நின்னாங்க. இனிமே எம்புள்ள எலக்கத்தைத் தமிழ்ல சொல்ல வேண்டாம்னாங்க. நானும் சரின்னுட்டேன். ஆனா சிங்களத்துலயும் பாப்பா கணக்குச் சொல்லல. கணக்குப் பாடம் வந்தா எழுந்து வெளிய போயிருவாளாம். சோறு போட்டா பெசஞ்சு வச்சுட்டு எழுந்துருவா. புள்ளை குச்சியாப் போச்சு. அந்தக் கெசட் விசயம் லயத்துல யாரோ பேசி அவ காதுல விழுந்திருக்கு. "நான் சரியாச் சொல்லியிருந்தா அப்பாவை விட்டிருப்பாங்களா அத்தை?"ன்னு ஒரு நாள் கேட்டா. நான் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கரண்டு, வயரு, டயோட்டுன்னு என்னென்னமோ சொன்னேன். புள்ளைக்கு அதுல என்ன வெளங்கும்? "ஆனா நான் தப்பாச் சொன்னேன்ல"ன்னா. அதைச் சொல்லிச் சொல்லியே தேஞ்சா.

அண்ணனைப் பார்க்கப் போறப்ப இதை நான் மறைச்சுத்தான் வச்சிருந்தேன். ஒரு தடவை தாங்க முடியாம சொல்லிட்டேன். அவரு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம், "புள்ள, நான் நெசமாவே செட்ட அணைச்சேனா?"ன்னாரு.

"என்ன அண்ணே கேக்குறீங்க? அணைச்சுத்தான் வச்சீங்க. நான் காட்டுனேனே, உங்க இருமலே வந்துச்சே!"

"அது நீ செஞ்ச பெட்டியில. நம்ம பெட்டி குழிக்குள்ள இருக்கு. அது அப்படித்தான் இருந்துச்சுன்னு யாரு கண்டா? எனக்கு இப்ப நெனச்சுப் பார்த்தா, நான்தான் அணைக்க மறந்திருப்பேன்னு தோணுது."

அந்தக் கம்பி வலையில வெரலாலயே வயரு வயராக் கோடு போட்டுக் காட்டுனேன். இங்க பன்னெண்டு, அங்க அஞ்சு, இதால வந்துச்சு, இப்படி எழுப்பிச்சு. அவரு தலையாட்டிக்கிட்டே கேட்டாரு. முடிச்சதும் சொன்னாரு, "சரி புள்ள. ஆனா பாப்பாகிட்ட கரண்டைப் பத்திச் சொல்லாத. அப்பா சுவிட்ச அணைக்க மறந்துட்டாரு, தப்பு அப்பா மேலதான்னு சொல்லு. அது அவளுக்கு வெளங்கும்." அவரு நம்பித்தான் அப்படிச் சொன்னாரா, புள்ளைக்காகச் சொன்னாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கேக்கலாம்னா, அடுத்த மழைக்காலத்துலயே காய்ச்சல் கண்டு உள்ளேயே போயிட்டாரு.

அவரை அடக்கம் பண்ண மறுநாள் பாப்பாகிட்ட சொன்னேன். ஊரு உலகத்துல எல்லார்கிட்டயும் செட்டு அணைஞ்சுதான் இருந்துச்சுன்னு தொண்டை கிழியக் கத்துன நான், இந்த வாயாலயே சொன்னேன். "அப்பா அணைக்க மறந்துட்டாரும்மா. அதனாலதான். உன் கணக்குனால இல்ல."

"அப்ப தப்பு அப்பா மேலதானா அத்தை?"

"ஆமா."

என் மொகத்தைப் பார்த்தா. அப்புறம் எழுந்து போய், தட்டை எடுத்து, தானே சோறு போட்டுச் சாப்பிட்டா. அந்தப் பொய்யை நான் இதுவரைக்கும் அவகிட்ட மாத்திச் சொல்லல. இப்ப அவளுக்கும் ஒரு மகள் இருக்கா. அப்பாவோட மறதியைப் பத்தி அவ கொஞ்சம் கோவமாத்தான் பேசுவா, நானும் ஆமாம்மான்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். அவ படிச்சது முழுக்கச் சிங்களத்துல. தமிழ் பேசுவா, வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்துலதான் இதை எழுதுறேன்.